28 லட்சமும் 24 லட்சமும்: பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு குடும்பத்தின் கணக்கு

வேலூரில் வருமான வரிக் கணக்குகள் பார்ப்பது என் தொழில். ஊர் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் இருப்பதால் என்னிடம் வருபவர்களின் பிள்ளைகளில் பாதிப் பேர் பழைய மகாபலிபுரம் சாலையிலும் மீதிப் பேர் பெங்களூரின் வெளிவட்டச் சாலையிலும் வேலை செய்கிறார்கள். ‘எந்த ஊரில் இருந்தால் மிச்சம்?’ என்று கேட்காத குடும்பம் குறைவு. பொதுவாக ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவேன். 2025 மார்ச்சில் அதே கேள்வியை என் தங்கை கேட்டபோதுதான் முழுதாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர்கள் இடம் மாறிய பிறகு, 2026 ஏப்ரலில் அதே நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, நான் கணித்ததையும் உண்மையில் நடந்ததையும் ஒப்பிட்டோம். கீழே வரும் தொகைகள் ஒரே ஒரு குடும்பத்துக்கு உரியவை. பெயர்களைத் தவிர எதையும் மறைக்க வேண்டாம் என்று தங்கையும் மாப்பிள்ளையும் சொல்லிவிட்டார்கள்.

தங்கை தரவுப் பொறியாளர், பதினோரு ஆண்டு அனுபவம். மாப்பிள்ளை சில்லு வடிவமைப்பில் சரிபார்ப்புப் பொறியாளர். பெண் குழந்தைக்கு அப்போது நான்கு வயது. வீடு பெங்களூரில் சர்ஜாபூர் சாலையை ஒட்டிய கசவனஹள்ளியில். தங்கையின் அலுவலகம் பெள்ளந்தூரில், மாப்பிள்ளையின் அலுவலகம் ஒயிட்ஃபீல்டில். மாப்பிள்ளையின் பெற்றோர் சென்னை நங்கநல்லூரில் இருக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் தங்கையின் நிறுவனம், வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று அறிவித்தது. அதுவரை இரண்டு நாள் போனால் போதும். அடுத்த மாதமே சென்னைப் பெருங்குடியில் உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. பெங்களூரில் ஆண்டுக்கு 28 லட்சம், சென்னையில் 24 லட்சம். “நான்கு லட்சத்தை விட்டுவிட்டு வருவது முட்டாள்தனமா, அண்ணா?” என்று கேட்டாள்.

காகிதத்தில் நான்கு லட்சம்

முதலில் அந்த நான்கு லட்சம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. சி.டி.சி. என்று நிறுவனம் சொல்லும் தொகை ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. ஊழியர் கையில் வாங்கும் தொகை வேறு.

பெங்களூரின் 28 லட்சத்தில் 2,80,000 ரூபாய் வேரியபிள். ஆண்டு முடிவில் நிறுவனத்தின் நிலையைப் பார்த்துக் கொடுப்பார்கள், முழுதாகக் கொடுப்பது அரிது. அடிப்படைச் சம்பளம் 10 லட்சம் என்பதால் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,20,000. பணிக்கொடைக்கு என்று 4.81 சதவீதம், 48,100. காப்பீட்டுக்கு 21,900. இவற்றையெல்லாம் கழித்தால் மாதாமாதம் சம்பளமாக வரும் பகுதி ஆண்டுக்கு 23,30,000. சென்னை அழைப்பில் வேரியபிள் 1,20,000 மட்டுமே. அடிப்படைச் சம்பளம் 9 லட்சம், அதனால் பி.எஃப். 1,08,000. பணிக்கொடையும் காப்பீடும் சேர்ந்து 62,000. மாதச் சம்பளமாக வரும் பகுதி 21,10,000.

நான்கு லட்ச வித்தியாசம் இதற்குள்ளேயே 2,20,000 ஆகிவிட்டது. இனி வரி. 2025–26ஆம் நிதியாண்டின் புதிய வரிமுறையில் நிலைக்கழிவு, அதாவது வரி போடும் முன் சம்பளத்தில் கழித்துவிடும் தொகை, 75,000 ரூபாய். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்து ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று சதவீதம் ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். வரியின் மேல் 4 சதவீத செஸ். இந்தப் படிகளின்படி பெங்களூர்ச் சம்பளத்துக்கு வரி 2,74,300, சென்னைச் சம்பளத்துக்கு 2,17,100. ஊழியர் பங்கான பி.எஃப். பெங்களூரில் 1,20,000, சென்னையில் 1,08,000. தொழில் வரியில் வித்தியாசமே இல்லை. கர்நாடகம் மாதந்தோறும் பிடிக்கிறது, சென்னை மாநகராட்சி அரையாண்டுக்கு 1,250 வாங்குகிறது. இரண்டிலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான். அரசியல் சாசனத்தின் 276ஆம் பிரிவு வைத்த உச்சவரம்பு அது.

முடிவில் மாதம் கைக்கு வருவது பெங்களூரில் 1,61,100, சென்னையில் 1,48,533. வித்தியாசம் 12,567 ரூபாய். ஆண்டுக்கு நான்கு லட்சம் என்று தங்கை பயந்தது, மாதம் 33,333 என்று மனத்தில் வகுத்துப் பார்த்ததால்தான். வேரியபிளையும் விட்டுவிடக் கூடாது. முந்தைய ஆண்டு அவளுக்கு அதில் 70 சதவீதம் வந்தது. சென்னையிலும் 70 சதவீதமே வரும் என்று வைத்துக்கொண்டு வரி போக மாதக் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் 19,253 ஆகிறது. அப்போதும் 33,333 இல்லை.

இந்த இடத்தில் பலர் வீட்டு வாடகைப்படியை இழுத்து வருவார்கள். பழைய வரிமுறையில் சென்னைவாசிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை வாடகைப்படி விலக்கு. பெங்களூர்வாசிக்கு 40 சதவீதம்தான் இருந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கும்தான் அந்த விதியில் பெருநகரங்களாக இருந்தன. எங்கள் கணக்கு போடப்பட்ட ஆண்டில் நிலை அதுதான். வாடகை அதிகமாக உள்ள ஊருக்கு விலக்கு குறைவு என்பது நெடுநாள் அநியாயம். ஆனால் புதிய வரிமுறையில் வாடகைப்படி விலக்கே கிடையாது. இவர்கள் இருவரும் புதிய முறையில் இருப்பதால் அந்த வரிசையை நோட்டில் அடித்துவிட்டேன்.

வீடு

கசவனஹள்ளியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 42,000, பராமரிப்பு 5,000. அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, 2,10,000. பத்து மாதம் கேட்ட காலத்தோடு பார்த்தால் இது குறைவு என்று பெங்களூரில் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே உண்டு. சுவர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிடிப்பார்கள்.

சென்னையில் மடிப்பாக்கத்தில் பார்த்த வீடு 27,000, பராமரிப்பு 3,500. அட்வான்ஸ் மூன்று மாதம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று அது சொல்கிறது. ‘ஒப்பந்தத்தில் வேறு மாதிரி’ என்ற ஓட்டை வழியாக ஆறு மாதம் கேட்பவர்களையும் இரண்டு இடங்களில் சந்தித்தோம்.

வாடகையும் பராமரிப்பும் சேர்த்து மாதம் 16,500 மிச்சம். ஆனால் இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கசவனஹள்ளி வீடு ஜெனரேட்டர், நீச்சல்குளம், காவலாளிகள், குழந்தைகள் விளையாடும் புல்வெளி எல்லாம் உள்ள வளாகத்தில் இருந்தது. மடிப்பாக்கத்து வீடு எட்டு குடியிருப்புகள் கொண்ட கட்டடத்தில் இருக்கிறது, அங்கே லிஃப்ட்கூட இல்லை. அதே வசதியுள்ள வளாகங்களைப் பெரும்பாக்கத்திலும் சோழிங்கநல்லூரிலும் பார்த்தோம். பராமரிப்போடு 38,000க்குக் கீழே எதுவும் கிடைக்கவில்லை. சென்னை வாடகை மலிவு என்பது உண்மைதான். ஆனால் 16,500இல் ஏறக்குறைய பாதி வீட்டின் தரம் குறைந்ததால் வந்தது. ஒப்பீட்டு இணையதளங்கள் சதுர அடிக் கணக்கில் இதைக் காட்டுவதில்லை.

மழைக்கணக்கும் இருந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, மடிப்பாக்கம் தெருக்களில் தண்ணீர் நின்றதை ஊரே பார்த்தது. அதனால் தரைத்தளம் வேண்டாம், வண்டி நிறுத்தும் இடம் தெருமட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை வைத்தோம். பெங்களூரில் இருந்தால் இந்தக் கவலை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை மூழ்கியபோது இவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

நான் போட்ட கணிப்பு

பெங்களூர் மாதச் செலவு அவர்கள் செயலியில் எழுதி வைத்ததிலிருந்து எடுத்தது. வீடு 47,000. பள்ளி முடிந்து மாலை வரை குழந்தை இருக்கும் காப்பகம் 14,000. பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 11,250. சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் வரும் இரண்டு பெண்களுக்கு 9,000. அலுவலகப் போக்குவரத்து இருவருக்கும் 12,000. மளிகை, காய்கறி, பால் 17,000. எரிவாயு, இணையம், தண்ணீர், மின்சாரம் 3,800. ஊருக்குப் போய் வருவது 7,500. வெளியே சாப்பிடுவது 8,000. மொத்தம் 1,29,550. தவணைகளும் காப்பீடும் முதலீடும் எந்த ஊரிலும் மாறாதவை, அவற்றைச் சேர்க்கவில்லை.

சென்னைக்கு நான் கணித்தது: வீடு 30,500, பள்ளி 10,000, வீட்டு வேலைக்கு 7,000, போக்குவரத்து 6,500, மளிகை அதே 17,000, மின்சாரம் முதலானவை 5,500, வேலூருக்கு வந்து போக 2,000, வெளியே சாப்பிட 8,000. காப்பகத்துக்குப் பூஜ்யம். பாட்டி இருக்கிறார். பாட்டிக்கு உதவியாக நங்கநல்லூர் வீட்டில் ஒரு பெண்ணை வைக்க 4,000. மொத்தம் 90,500. மாதம் 39,050 மிச்சம்.

மாப்பிள்ளைக்குச் சென்னையில் கிடைக்கும் வேலையில் மாதம் 5,000 குறையலாம் என்று வைத்தேன். தங்கையின் 19,253, மாப்பிள்ளையின் 5,000 இரண்டையும் கழித்தாலும் மாதம் 14,797 லாபம். “வா” என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

இடம் மாறுவதற்கே ஆன செலவு

மே கடைசியில் தங்கையும் குழந்தையும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேலை அமையவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் அவர் ஒயிட்ஃபீல்டு அருகே ஒரு விடுதியில் தங்கினார். சாப்பாட்டோடு மாதம் 16,000. வெள்ளி இரவு பஸ்ஸில் சென்னை, ஞாயிறு இரவு பஸ்ஸில் பெங்களூர் என்று மாதம் 8,000. இந்த 96,000 ரூபாய் என் கணிப்பில் இல்லவே இல்லை. சாமான் லாரிக்கு 38,000, பெங்களூர் வீட்டு வண்ணப்பூச்சுக்குப் பிடித்த 42,000, மடிப்பாக்கம் தரகருக்கு ஒரு மாத வாடகை 27,000, புதிய பள்ளியில் சேர்க்கைக் கட்டணம் 60,000. எல்லாம் சேர்த்து 2,63,000.

மாதம் 14,797 லாபம் என்றால் இதை மீட்கவே பதினெட்டு மாதம். நகர ஒப்பீடு செய்பவர்கள் இரண்டு ஊரிலும் ஏற்கெனவே குடியேறி இருப்பது போலக் கணக்குப் போடுகிறார்கள். நடுவில் ஒரு லாரி வர வேண்டியிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன்.

காருக்கான செலவு இந்தத் தொகையில் சேரவில்லை. கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓடினால் மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டுக்குச் சாலை வரி கட்ட வேண்டும். கர்நாடகத்தில் வாழ்நாள் வரியாகக் கட்டியதில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். தடையில்லாச் சான்று, விண்ணப்பம் என்று அந்த வேலை இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

நடந்தது

மாப்பிள்ளை அக்டோபரில் தரமணியில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தில் நான் சொன்ன 5,000 குறைவு அப்படியே நின்றது. அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதச் சராசரியை எடுத்தோம். மின்சாரத்துக்கு மட்டும் ஜூனிலிருந்து பத்து மாதம் எடுத்தேன், இல்லாவிட்டால் குளிர்காலத்தை மட்டும் எண்ணியதாகிவிடும்.

மின்சார வரிசை 5,500இலிருந்து 7,400 ஆகிவிட்டது. பெங்களூரில் இவர்களுக்கு ஏ.சி.யே கிடையாது. மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்ததால் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டத்தில் மின்கட்டணம் பூஜ்யம். அதை நான் மறந்து, ‘தமிழ்நாட்டில் 100 யூனிட் இலவசம்’ என்று ஆறுதலாக எழுதியிருந்தேன். இங்கே அந்த 100 யூனிட் இரண்டு மாதத்துக்கு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைக்கும் மலிவான கட்டணமும் போய்விடுகிறது. இரண்டு படுக்கையறையிலும் ஏ.சி. ஓடினால் ஜூன் மாதத்தில் 500 எம்மாத்திரம். தண்ணீர் லாரிக்கு இருமுறை கொடுத்ததும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. தண்ணீர் விஷயத்தில் எந்த ஊரும் உயர்ந்ததில்லை. 2019 ஜூலையில் எங்கள் அன்றைய மாவட்டத்தின் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது. 2024 கோடையில் பெங்களூரில் டேங்கர் விலைக்கு நிர்வாகம் உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. அந்த ஆண்டு மூன்று மாதம் கசவனஹள்ளியில் பராமரிப்புக் கட்டணத்தின் மேல் தண்ணீருக்குத் தனியாகக் கொடுத்ததைத் தங்கை இப்போதும் சொல்கிறாள்.

போக்குவரத்து 6,500இலிருந்து 8,100. மாப்பிள்ளை பஸ்ஸில் போவார் என்று நான் எழுதியிருந்தேன். மடிப்பாக்கம் வழியாகவும் மேடவாக்கம் சாலை வழியாகவும் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. தோண்டிய சாலையில் பஸ்ஸுக்கு நின்று பார்த்து இரண்டே வாரத்தில் காருக்கு மாறிவிட்டார். ஒப்பீட்டுப் பட்டியல்களில் மெட்ரோ கட்டணத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள். 2025 பிப்ரவரி உயர்வுக்குப் பிறகு பெங்களூரில் அதிகபட்சம் 90 ரூபாய், சென்னையில் 50 ரூபாய். இவர்கள் இருவரும் எந்த ஊரிலும் ஒருநாள்கூட மெட்ரோவில் அலுவலகம் போனதில்லை.

நான் வரிசையே போடாத செலவு ஒன்று முளைத்தது. சொந்தபந்தம். நங்கநல்லூர், குரோம்பேட்டை, அம்பத்தூர் என்று மாப்பிள்ளையின் உறவினர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். பெங்களூரில் இருந்தபோது, ‘அவர்களால் வர முடியாது’ என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இப்போது கல்யாணம், புதுமனை புகுவிழா, சீமந்தம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் போக வேண்டும். மொய், பட்டுப்புடவை, போகவர ஆகும் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 5,000. இதில் எனக்கு வருத்தமில்லை. உறவுகள் அழைக்காமல் விட்ட காலத்தைவிட இது நல்லது. ஆனாலும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

மற்ற வரிசைகள் ஏறக்குறைய கணித்தபடியே நின்றன. மளிகையில் ஒரு ரூபாயும் மாறவில்லை என்பது எனக்கே வியப்பு. உண்மையான மாதச் செலவு 99,000. பெங்களூரைவிட 30,550 குறைவு. வருமானத்தில் குறைந்த 24,253ஐக் கழித்தால் மாதம் 6,297 லாபம். இடமாற்றத்துக்கு ஆன 2,63,000ஐ இந்த வேகத்தில் மீட்க மூன்றரை ஆண்டு ஆகும்.

மாப்பிள்ளையின் தொழில்

6,297 ரூபாயைப் பார்த்து நான் சோர்ந்துபோனேன், மாப்பிள்ளை சோரவில்லை. ஆனால் அவர் விட்டு வந்தது இந்த நோட்டில் எங்கும் எழுதப்படவில்லை என்பது எனக்குத் தெரியும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் பெங்களூரில் தன் மையத்தைத் தொடங்கியது. அங்கே பயின்றவர்கள் வேறு நிறுவனங்களுக்குப் போக, அவர்களை நம்பி மேலும் நிறுவனங்கள் வர, நாற்பது ஆண்டில் சில்லு வடிவமைப்புக்கு அந்த ஊரில் ஆழமான சந்தை உருவாகிவிட்டது. மாப்பிள்ளை ஏழு ஆண்டில் மூன்று நிறுவனம் மாறினார், வீட்டை மாற்றியதில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் சம்பளம் ஏறியது. சென்னையிலும் இந்தத் துறை வளர்கிறது. 2024 மார்ச்சில் குவால்காம் தரமணியில் வடிவமைப்பு மையம் திறந்தது. ஆனாலும் அந்த நான்கு மாதத்தில் அவருடைய அனுபவத்துக்குச் சரியாகப் பொருந்திய அழைப்புகள் இரண்டுதான் வந்தன. மென்பொருளில் இருக்கும் என் தங்கைக்கு இரு நகரங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்கு அப்படி இல்லை.

ஆகவே, இருவர் சம்பாதிக்கும் குடும்பம் என்னிடம் வந்தால் இப்போது முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல. யாருடைய துறைக்கு எந்த ஊரில் பத்து நிறுவனங்கள் இருக்கின்றன, யாருடையதற்கு இரண்டுதான் இருக்கின்றன என்று கேட்கிறேன். வேலை போய்விட்டால் அடுத்த வேலைக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். மாதம் 6,297 லாபம் காட்டும் கணக்கில் இருவரில் ஒருவருக்கு ஒரு மாதச் சம்பளம் நின்றாலும் இரண்டு ஆண்டு லாபம் போய்விடும்.

நேரத்தில் மட்டும் சந்தேகமே இல்லை. பெங்களூரில் தங்கைக்கு ஆறு கிலோமீட்டர் போக நாற்பத்தைந்து நிமிடம், மாப்பிள்ளைக்கு ஒயிட்ஃபீல்டு போக ஒன்றேகால் மணி. இங்கே தங்கை ஸ்கூட்டரில் இருபத்தைந்து நிமிடத்தில் பெருங்குடி போய்விடுகிறாள், அவருக்கு நாற்பது நிமிடம். இருவருக்கும் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். இதை ரூபாயாக்கிக் காட்டச் சொன்னார் மாப்பிள்ளை. நான் மறுத்துவிட்டேன். அந்த நேரத்தில் அவர்கள் சம்பாதிக்கவில்லை, மகளோடு இருக்கிறார்கள். ரூபாயாக எழுதினால் பொய்க்கணக்கு ஆகிவிடும்.

பூஜ்யம் என்று எழுதிய வரிசை

கணக்கை முடித்து மூடப் போனபோது தங்கை கேட்டாள்: “அத்தை இல்லாவிட்டால் எவ்வளவு வரும்?”

போட்டுப் பார்த்தோம். மடிப்பாக்கத்தில் மாலை வரை பார்த்துக்கொள்ளும் காப்பகம் 11,000. பாட்டிக்கு உதவியாக வைத்த பெண்ணின் 4,000 தேவைப்படாது. செலவு 7,000 கூடி, 6,297 லாபம் 703 நஷ்டமாகிறது. நங்கநல்லூரில் பெற்றோர் இல்லாவிட்டால் பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போய் வந்த செலவும் இருந்திருக்காது. 7,500இல் அது 4,500. அப்போது நஷ்டம் 5,203. சொந்தபந்தச் செலவான 5,000ஐயும் எடுத்துவிட்டால் நஷ்டம் 203 ரூபாய்.

இருநூற்று மூன்று ரூபாய். உறவினர் யாரும் இல்லாத, இதே வேலையும் இதே குழந்தையும் உள்ள ஒரு குடும்பத்துக்குப் பெங்களூரும் சென்னையும் ஒன்றுதான். அதிகச் சம்பளத்தைப் பெங்களூர் வாடகையாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. குறைந்த வாடகையைச் சென்னை குறைந்த சம்பளத்தால் ஈடுகட்டிவிடுகிறது. இத்தனை ஆண்டு நான் ‘சென்னையில்தான் மிச்சம்’ என்று சொல்லி அனுப்பிய குடும்பங்களுக்கு மிச்சமானது ஊரால் அல்ல, ஊரில் இருந்த பாட்டிகளால்.

சம்பந்தி அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. பகல் பன்னிரண்டரைக்குப் பள்ளி வேன் நங்கநல்லூரில் குழந்தையை இறக்கிவிடும். சோறு ஊட்டி, தூங்க வைத்து, கன்னடத்தில் எண்ணிக்கொண்டு வந்த குழந்தைக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்து, மாலை ஆறரை வரை பார்த்துக்கொள்கிறார். பெங்களூரில் 14,000 ரூபாய் கொடுத்த வேலையை இவர் செய்யும்போது நான் பூஜ்யம் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு உறுத்தவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. வேரியபிளில் எத்தனை சதவீதம் வரும் என்று மூன்று நாள் யோசித்தவன், அவருடைய முழங்கால் வலியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவரிடம் கேட்டது தங்கைதான். முதலில், “பேத்தியைப் பார்ப்பதற்குக் கணக்கு எதற்கு?” என்றார். பிறகு, செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது என்றும், வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்கு ஆதம்பாக்கம் போய்க்கொண்டிருந்தது நின்றுவிட்டது என்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதால் சொன்னார்.

இந்த ஏப்ரலிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் குழந்தை மடிப்பாக்கத்துக் காப்பகத்துக்குப் போகிறாள். லாபம் 6,297இலிருந்து 1,797 ஆகிவிட்டது. புதிய ஆண்டுக் கணக்கில் அந்த வரிசையைத் தங்கையே தன் கையால் எழுதினாள்: ‘செவ்வாய், வெள்ளி: 4,500.’